கூலியும் கருணையும்

பிணியுற்றோரைப் பேணுதல் பேரறம் என்பதை நம் சங்கத்தாருள் மறுப்பவர் எவருமிலர். ஆனால் அப்பணியைக் கூலி பெற்றுச் செய்பவர்க்கு அது அறமாகுமா, அன்றி வயிற்றுப்பாட்டுக்கான தொழில் மட்டுந்தானா? தாய்க்குச் செய்தால் கடமை என்கிறோம். அயலார்க்குக் கைம்மாறு கருதாது செய்தால் புண்ணியம் என்கிறோம். மாதச் சம்பளத்துக்குச் செய்தால் அதற்கு என்ன பெயரிடுவது? இது ஏட்டளவில் ஆராய்ந்து விட்டுவிடத்தக்க கேள்வியன்று. நம் குடும்பத்துப் பெண்கள் பலரும் ஆண்கள் சிலரும் இன்று பெங்களூரு நகரத்து வீடுகளில் இப்பணியைச் செய்தே தம் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர். ஆதலின் இதற்கு விடை காணும் பொறுப்பு நம்முடையது.

இக்கேள்வியை நம்மிடம் கேட்டவர் ஓர் உபாசிகை. பௌர்ணமி வந்தனை முடிந்து அனைவரும் கலைந்தபின் அவ்வம்மையார் மட்டும் தங்கி நின்றார். கோலார் தங்கவயலில் பிறந்தவர். தந்தையார் சுரங்கத் தொழிலாளி. 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. கல்தூசி நுரையீரலில் படிந்த தந்தையார் மூச்சுக்குத் திணறி ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அவரைத் தூக்கி உட்கார வைத்து, சளி துடைத்து, இரவெல்லாம் முதுகு தடவி, இறுதிவரை காத்தவர் இம்மகளே. பின்னர், விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் வேலைக்கு வருவோர் கூட்டத்தில் அவரும் ஒருவரானார். இறுதியில், வீடுகளுக்கு நோயாளிக் காவலர்களை அனுப்பும் ஓர் ஏஜென்சியில் பெயர் பதிந்து, இருபத்துநான்கு மணி நேர டியூட்டியில் அமர்ந்தார்.

பக்கவாதத்தால் ஒருபுறம் விழுந்துவிட்ட ஒரு மூதாட்டியைப் பதினான்கு மாதம் பார்த்துக்கொண்டார். மூதாட்டி இறந்த அன்று இவர் தாங்கமாட்டாமல் அழுதிருக்கிறார். வீட்டார் வியந்து பார்த்தனராம். அன்று மாலையே ஏஜென்சியிலிருந்து தொலைபேசி வந்தது: “அங்கே டியூட்டி முடிந்துவிட்டதல்லவா? நாளை காலை வேறு வீடு.” இதைச் சொல்லிவிட்டு அவர் கேட்டார்: “ஐயா, நல்ல பணிவிடையாளருக்கு ஐந்து குணம் உண்டு, அதில் ஒன்று லாபம் கருதாமை என்று நீங்கள்தாம் உபதேசித்தீர்கள். நான் ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம் வாங்கினேன். அப்படியானால் என் பணிவிடை பகவன் சொன்ன பணிவிடையில் சேராதா? நான் அழுததும் பொய்தானா?”

நாம் உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. காரணம், சில ஆண்டுகளுக்கு முன் இதே மேடையில் நின்று இத்தொழிலுக்கு எதிராகவே நாம் பேசியிருந்தோம். “பிறர் மலத்தை எடுப்பதே உன் பிறவித் தொழில் என்று நம் மேல் சுமத்தியவர்களை உதறிவிட்டுத் திரிசரணம் புகுந்தோம். இன்று நம் பெண்களே போய்ப் பிறர் மலத்தைத் துடைப்பதா?” என்று உரக்கக் கேட்டோம். கைதட்டலும் பெற்றோம். அப்பேச்சு தவறு என்பதை இங்கு எழுத்தில் ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் அன்னையார் இறுதி ஏழு மாதம் எழமுடியாமல் கிடந்தார். அக்காலத்தில் நாம் ஆலையில் இரவு முறை வேலை செய்துவந்தோம். காலையில் வந்து அன்னையாரின் தலைமாட்டில் அமர்ந்து, பகவன் நோயாளி பிக்குவைக் கழுவிய வரலாற்றைப் படித்துக் காட்டுவோம். ஆனால் அந்த ஏழு மாதத்தில் ஒருநாளேனும் பெட்பேனை நம் கையால் எடுத்தோமில்லை. எடுத்தவர் நம் துணைவியார். வரலாற்றைப் படித்தவர் ஒருவர், வரலாற்றைச் செய்தவர் மற்றொருவர் என்பது அன்று நமக்கு விளங்கவில்லை.

அவ்வரலாறு வினய பிடகத்தின் மகாவக்கத்தில் உள்ளது. பகவன் ஆனந்தரோடு பிக்குகளின் உறைவிடங்களைச் சுற்றிப் பார்த்து வருகையில், வயிற்றுக்கழிச்சலால் வருந்தும் பிக்கு ஒருவர் தம் மலத்திலேயே விழுந்து கிடக்கக் கண்டார். உன்னைப் பார்த்துக்கொள்வார் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் பிக்கு. ஏன் என்று கேட்டபோது வந்த விடை நெஞ்சைச் சுடுவது: தம்மால் பிற பிக்குகளுக்குப் பயன் ஏதுமில்லை, அதனால் அவர்கள் தம்மைக் கவனிப்பதில்லை என்றார் அவர். ஆனந்தரை நீர் கொணரச் செய்து பகவன் தம் கையால் நீர் வார்க்க, ஆனந்தர் உடலைக் கழுவினார். தலைப்புறத்தைப் பகவனும் கால்புறத்தை ஆனந்தரும் பற்றித் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டி, தாயும் தந்தையும் உடனில்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவர் என்று கேட்டு, தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குப் பணிவிடை செய்க என்று விதித்தார்.

பணிவிடையாளரின் ஐந்து குணங்களையும் பகவன் வகுத்தருளினார். மருந்தைப் பக்குவமாய்த் தயாரிக்க அறிந்திருத்தல். ஒத்துக்கொள்வது எது, ஒவ்வாதது எது என்று பகுத்தறிந்து, ஒவ்வாததை விலக்கி ஒத்ததைக் கொடுத்தல். லாபத்துக்காக அன்றி மைத்திரி உள்ளத்தோடு பேணுதல். மலம், மூத்திரம், வாந்தி, எச்சில் ஆகியவற்றை அகற்ற அருவருக்காமை. தக்க காலத்தில் நல்லுரையால் நோயாளியின் மனத்தைத் தேற்றி மகிழ்வித்தல். இவற்றுள் மூன்றாவதே அவ்வுபாசிகையின் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது.

அம்முள்ளை எடுக்கும் வழி அதே மகாவக்கத்தில், அதே பகுதியில் உள்ளது. நாம் பல்லாண்டு படித்தும் அதன்மேல் கருத்துச் செலுத்தவில்லை. நோயுற்ற பிக்கு இறந்தபின் அவருடைய பாத்திரமும் மூன்று சீவரங்களும் யாரைச் சேரும் என்ற கேள்வி எழுந்தபோது, அவை சங்கத்துக்கு உரியவை என்று கூறிய பகவன், பணிவிடை செய்தவர்கள் பேருதவி புரிந்தவர்கள், ஆதலின் சங்கம் அவற்றை அவர்களுக்கே அளிக்கலாம் என்று அனுமதித்தார். பிக்கு ஒருவரும் இளஞ்சாமணேரர் ஒருவரும் சேர்ந்து பேணியிருந்தால் சாமணேரருக்கும் சமபங்கு தரவேண்டும் என்றார். லாபம் கருதாதே என்று பணிவிடையாளருக்குச் சொன்ன அதே திருவாய், அவருக்குரிய பங்கைக் கொடு என்று சங்கத்துக்குச் சொல்லிற்று. பெரியவர் சிறியவர் என்ற பதவி வேறுபாட்டால் பங்கு குறையலாகாது என்றும் சொல்லிற்று.

இவ்விரண்டும் முரணல்ல. ஒன்று பணி செய்பவரின் உள்ளத்துக்கு இட்ட விதி. மற்றது பணியைப் பெறுபவரின் கைக்கு இட்ட விதி. கூலி கருணையைக் கெடுப்பதில்லை. இருவர் விதிகளையும் இடம் மாற்றிப் போடுவதே கேடு. சம்பளத்தைக் குறைக்க விரும்பும் வீட்டார், “இது சேவையல்லவா அம்மா, பணத்தைப் பெரிதாய்ப் பார்க்கலாமா?” என்கின்றனர். பணிவிடையாளருக்குச் சொல்லப்பட்ட விதியைக் கொடுக்கவேண்டியவர் தம் வசதிக்கு எடுத்தாள்கிறார். அவ்வாறே, “கொடுக்கிற காசுக்கு இவ்வளவு போதும்” என்று நோயாளியை ஈரத்துணியில் கிடக்க விடும் பணியாளர், கொடுப்பவரின் குறையைக் காட்டித் தம் விதியை மீறுகிறார். இரண்டும் பிழையே.

ஆலையில் தறிமுன் நின்ற நாம் இதை ஓர் ஒப்புமையால் விளங்கிக்கொள்கிறோம். தறியில் நூல் அறுந்தால் முடிச்சிட வேண்டும். இடாமல் விட்டால் துணியில் குறை தெரியும். சோதிப்பவர் கண்டுபிடிப்பார், கூலியில் பிடிப்பார். படுக்கையறையிலோ சோதிப்பவர் எவருமிலர். பேச்சிழந்த நோயாளியை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையேல் படுக்கைப்புண் வரும் என்பது இத்தொழிலின் பாலபாடம். நள்ளிரவு இரண்டு மணிக்குப் புரட்டினாரா இல்லையா என்பதை அறிந்தவர் இருவர்: புரட்டவேண்டியவர் ஒருவர், சொல்ல வாயற்றவர் ஒருவர். அந்நேரத்தில் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்புவது சம்பளம் அன்று. சம்பளம் அவரை அவ்வீட்டு வாசல் வரைதான் கொண்டுவந்து விடும். அதற்கப்பால் நடப்பது மைத்திரியின் காலால்தான். பதினான்கு மாதம் படுத்தவரின் முதுகில் ஒரு புண்கூட வரவில்லை என்று அவ்வுபாசிகை பேச்சுவாக்கில் சொன்னார். அவருடைய கேள்விக்கு விடை அதிலேயே இருந்தது.

இனி, மானத்தைப் பற்றி நாம் அன்று மேடையில் எழுப்பிய கேள்வி. மலம் எவர் கையையும் இழிவுபடுத்துவதில்லை. இழிவுபடுத்தியது, இக்குலத்தில் பிறந்தவன் இதைத்தான் செய்யவேண்டும், இதைத் தவிர வேறு செய்யலாகாது, கூலி கேட்கலாகாது, விட்டு விலகலாகாது என்ற கட்டளை. பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் நம்மவரை அழைத்துச் சென்றது அக்கட்டளையை முறிக்கவே. பிணியாளரைத் தொடுவதற்கு அஞ்சும் கைகளை உண்டாக்க அன்று. ஒரு தொழில் அடிமைத்தொழிலா, உரிமைத்தொழிலா என்று அறிய நான்கு கேள்விகள் போதும். பிறப்பால் வந்ததா, தேர்ந்து கொண்டதா? கற்றுத் தேறி உயர வழியுண்டா? உரிய ஊதியமும் ஓய்வும் உண்டா? வேண்டாமெனில் விட்டு வரலாமா? இவற்றுக்கு நல்ல விடை கிடைக்குமாயின், அவ்வீட்டில் தூக்கப்படும் பெட்பேனில் இழிவு ஏதுமில்லை. விடை தவறுமாயின், வெள்ளைக் கோட்டும் அடையாள அட்டையும் அணிந்திருந்தாலும் அது பழைய கட்டளையே. பணிப்பெண்ணுக்கென்று தனித் தம்ளர் வைத்து, கழிப்பறைப் பக்கத்தில் உட்கார்ந்து உண் என்று சொல்லும் வீடுகள் இன்றும் உள்ளன. தம் தாயின் வாயில் சோறூட்டும் கை தம் தம்ளரைத் தொடலாகாது என்பார்க்கு, அந்த அன்னையின் நோயினும் கொடியதொரு நோய் இருக்கிறது.

ஊதியமும் ஓய்வும் என்றோம். 1946ஆம் ஆண்டில், வைசிராய் நிர்வாக சபையின் தொழிலாளர் உறுப்பினராயிருந்த பாபாசாகேப், ஆலைத் தொழிலாளியின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். நாம் ஆலைச் சங்கொலியில் வீடு திரும்பியது அந்த 48 மணியின் பயன். இருபத்துநான்கு மணி டியூட்டியில் இருப்பவருக்கு வாரம் 168 மணி. இரவில் அவர் உறங்குவார் என்பது வீட்டார் கணக்கு. மறதி நோயுற்ற முதியவர் இரவில்தான் எழுந்து கதவைத் திறக்கப் பார்ப்பார் என்பது பணியாளரின் அனுபவம். வீட்டு வேலை செய்வோரின் உரிமை குறித்து 189ஆம் எண் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011ஆம் ஆண்டில் இயற்றிற்று. நம் நாடு அதை ஏற்று உறுதி செய்யவில்லை. அதே 2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில் அறுபது வயது கடந்தோர் நம் நாட்டில் 10 கோடிக்கு மேல் இருந்தனர். பேணப்பட வேண்டியோர் பெருகுகின்றனர். பேணுவோர்க்கு அரண் பெருகவில்லை.

அரசின் சட்டம் வரும்வரை இல்லறத்தார்க்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சிகாலோவாத சூத்திரத்தில், எசமானர் பணியாளர்க்குச் செய்யவேண்டிய ஐந்தைப் பகவன் எண்ணிச் சொல்கிறார். வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயில் பார்த்துக்கொள்ளுதல், சுவையான உணவைப் பகிர்ந்தளித்தல், உரிய காலத்தில் விடுப்பளித்தல். கனத்த உடலைத் தனியொருத்தி தூக்கிப் புரட்டினால் அவள் முதுகு முறியும்; இரண்டாவது ஆள் கைகொடுக்க வேண்டும் என்பது முதற்கடமையில் அடங்கும். சம்பளம் வாங்கும் நம்மவர்க்கும் அச்சூத்திரத்தில் ஐந்து கடமை உண்டு. அவற்றுள் ஒன்று, கொடுத்ததை மட்டும் கொள்ளுதல். நினைவு தப்பிய முதியவரின் அலமாரிச் சாவி கையிலிருக்கும்போது இச்சீலத்தின் எடை தெரியும்.

இருவருக்கும் இடையில் நிற்கும் ஏஜென்சியாரையும் தம்மம் விட்டுவிடவில்லை. உபாசகன் செய்யத்தகாத ஐந்து வாணிபங்களுள் உயிர் வாணிபம் ஒன்று. மனிதரை விற்பதே அது என்று உரைகாரர் விளக்குவர். ஆளை அனுப்புகிற தொழில் ஆளை விற்கிற தொழிலாகுமா? நேர்மையாய்ச் செய்தால் ஆகாது. நோயாளிக்கு இன்னது தேவை என்று கேட்டறிந்து, அதற்குப் பயின்றவரைத் தேர்ந்து, ஒருவர் நோயுற்றால் மாற்றாள் அனுப்பி, அதற்குரிய பங்கை வெளிப்படையாய் எடுத்துக்கொள்வது பயனுள்ள தொண்டே. பயிலாத பெண்ணை நர்ஸ் என்று சொல்லி அனுப்புவதும், வீட்டார் கொடுப்பது எவ்வளவு என்பதைப் பணியாளரிடம் மறைப்பதும், அவர் நீங்காதிருக்க மூலச் சான்றிதழ்களைப் பெட்டியில் பூட்டி வைப்பதும், விருப்பம் கேளாமல் இன்று இவ்வீடு நாளை அவ்வீடு என்று நகர்த்துவதும் உழைப்பை இடம் சேர்ப்பதன்று. உழைப்பவரையே சரக்காக்குவது. நம்மவருள்ளும் சிலர் இவ்வேலையைத் தொடங்கியிருக்கின்றனர். அவர்கள் கணக்கேட்டைத் திறக்கும்போதெல்லாம் இவ்வெல்லைக்கோட்டை எண்ணிப் பார்ப்பாராக.

இப்பணியில் நம்மவர்க்குத் தனியாய் வரும் ஒரு சங்கடத்தையும் அவ்வம்மையார் கேட்டார். சாமி படத்துக்கு விளக்கேற்றச் சொன்னார் மூதாட்டி. பாபாசாகேபின் இருபத்திரண்டு உறுதிமொழிகளை ஏற்ற நாம் ஏற்றலாமா? நாம் சொன்ன விடை இது: உறுதிமொழி உங்கள் வழிபாட்டைப் பற்றியது. எழமுடியாத ஒருவர் தம் வழிபாட்டுக்கு உங்கள் கையைக் கடன் கேட்கிறார். தண்ணீர் குடிக்கக் கை கொடுப்பதுபோல் இதற்கும் கொடுக்கலாம். உங்கள் நெஞ்சு அங்கு வணங்கவில்லை, ஒரு முதியவரைத் தேற்றுகிறது. ஐந்தாவது குணம் நோயாளியின் மனத்தை மகிழ்விப்பது. எதிர்க்க வலுவற்றவரிடம் மதவாதம் செய்வதன்று. ஆனால் நீங்களும் விழுந்து கும்பிட வேண்டும் என்று வீட்டார் கட்டாயப்படுத்தினால், அமைதியாய் மறுத்துவிடுங்கள். அது உங்கள் உரிமை.

இவ்வளவு துன்பத்துக்கும் இப்பணி தரும் பயன் யாது? ஊதியம் முதற்பயன், அதைக் கூற நாணவேண்டியதில்லை. இரண்டாவது கல்வி. சர்க்கரை அளவு பார்ப்பதும், மூக்குக் குழாய்வழி உணவு செலுத்துவதும், காய்ச்சலின் போக்கறிவதும் பயின்ற பெண் தன் தெருவுக்கே பாதுகாப்பாகிறாள். மூன்றாவது, பணத்தால் அளக்கவொண்ணாதது. ஆறு மாதம் பேச்சற்றுக் கிடந்தவர் ஒருநாள் நாக்கைப் புரட்டி முதன்முதல் உச்சரித்த சொல் தம் பெயராயிருந்தது என்று ஓர் இளைஞர் நம்மிடம் சொன்னார். அப்போது அவர் முகத்தில் இருந்த ஒளியை எந்த ஏஜென்சி கணக்கில் எழுதும்? நான்காவது பயனே பெரிது. சித்தார்த்தர் தேரில் செல்கையில் மூப்பையும் பிணியையும் சாக்காட்டையும் தெருவோரத்தில் கண்டார். கண்ட அளவிலேயே அரண்மனை அவருக்குச் சிறையாயிற்று. நம் சகோதரிகள் அம்மூன்றையும் நாள்தோறும் கைதொடும் தூரத்தில் காண்கின்றனர். நிலையாமையை நாம் மேடையில் சொல்கிறோம்; அவர்கள் அதைக் குளிப்பாட்டித் தலைவாரி விடுகின்றனர்.

ஆதலின் அவ்வுபாசிகைக்கு அடுத்த பௌர்ணமியன்று நாம் கூறிய விடை: “அம்மா, நீங்கள் வாங்கிய சம்பளம் உங்கள் பாத்திரமும் சீவரமும். அது கடன் தீர்த்ததேயன்றிக் கருணையின் விலை அன்று. கருணைக்கு எவரும் விலை தரவில்லை, நீங்களும் கேட்கவில்லை. நீங்கள் அழுதது மெய்.” அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்படியானால் எனக்கு முதுகு வலிக்கும்போது யார் பார்ப்பார்கள், ஐயா?” என்று கேட்டார்.

இக்கேள்வி நம் அனைவர்க்கும் உரியது. தாயும் தந்தையும் உடனில்லாத பிக்குவைச் சங்கம் பேணவேண்டும் என்றார் பகவன். வீடுவீடாய்ப் பிறரைப் பேணி, நோயாளி இறந்த அன்றே வேலையும் கூலியும் நின்றுபோகும் இச்சகோதரிகளுக்கும் சங்கம் நாமன்றி வேறு யார்? அவர்கள் வேலைக்குச் செல்லுமுன் நேரமும் ஊதியமும் விடுப்பும் எழுத்தில் உள்ளனவா என்று படித்துப் பார்க்க ஓர் அன்பர். இரு வீடுகளுக்கு இடையில் தங்கி இளைப்பாற விகாரையில் ஓர் அறை. அவர்களுள் ஒருவர் படுத்துவிட்டால் கஞ்சி கொண்டுசெல்ல முறைவைத்து நால்வர். இவ்வளவுக்கு நிதி வேண்டியதில்லை, மனம் வேண்டும். அந்நால்வருள் முதற்பெயராக நம் பெயரை எழுதியுள்ளோம். அன்னையாருக்குச் செய்யத் தவறியதைச் செய்ய இன்னும் சில ஆண்டு நமக்கு எஞ்சியிருக்கிறது. மற்ற மூவர் யார் என்பதை வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் அன்பர்கள் தெரிவிப்பாராக.